கார்த்திகை விளக்கை எப்போது ஏற்றுவது: நம் ஊர் அந்தியிலா, அண்ணாமலை நேரத்திலா?

செந்தூல்வாசி (2025 நவம்பர் 26)

வணக்கம். வருகிற டிசம்பர் 3, புதன்கிழமை திருக்கார்த்திகை. எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஓயாத ஒரு வழக்கை விவரம் அறிந்தவர்கள் முன் வைக்கிறேன்.

கோலாலம்பூரின் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில், அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஆறு பேர் இருக்கிறோம். அம்மா தம் வாழ்நாள் முழுவதும் விளக்கு வைக்கும் நேரம் என்று ஒன்றைத்தான் அறிவார். பொழுது சாய்ந்து ஏழு மணியை ஒட்டிப் பூசையறையில் விளக்கும் வாசலில் இரண்டு அகலும் எரிய வேண்டும். கார்த்திகை என்றால் அகல்களின் எண்ணிக்கை கூடுமே தவிர நேரம் மாறாது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு கைப்பேசியில் திருவண்ணாமலை நேரலையைப் பார்க்கத் தொடங்கினார். அன்றிலிருந்து, மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் முதல் திரியைத் தொட வேண்டும் என்கிறார். அங்கே மாலை ஆறு மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. மறுநாள் பள்ளி இருப்பதால் சின்னவள் அதற்குள் தூங்கி வழிவாள். விளக்கேற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நாளை எண்ணிக்கொண்டிருப்பவளும் அவள்தான்.

சென்ற ஆண்டு டிசம்பர் 13 அன்று அம்மா ஏழு மணிக்கு ஏற்றிவிட, அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் அறைக்குள் போய்விட்டார். எட்டரைக்கு அவர் வெளியே வந்தபோது பாதி அகல்களில் எண்ணெய் வற்றியிருந்தது. சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைய பொரி உருண்டையை யாரும் மனமொத்து உண்ணவில்லை.

சாத்திரம் என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், உங்கள் வீடுகளில் என்ன வழக்கம், அது ஏன் என்பதைத் தெரிந்துகொள்ளவே விரும்புகிறேன்.

பழைய லயத்துக்காரன் (நவம்பர் 26)

தம்பி, உங்கள் அம்மாவின் பக்கமே நான் நிற்பேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விளக்கு வைப்பது என்பது கடிகாரத்துக்காகச் செய்யும் வேலை அன்று. இருள் இறங்கும்போது வீட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவருகிற செயல். உங்களில் இளையவர்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். 1982 ஜனவரி 1 முதல்தான் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டு மணி நேரமே வேறுபாடு. அப்போது பொழுது சாய்வதும் ஆறரையை ஒட்டித்தான். நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆறரைக்கு விளக்கு வைப்பார்கள். கடிகாரம் மாறிய பின்னும் என் அத்தை பல ஆண்டுகள் அதே ஆறரைக்கே ஏற்றிவந்தார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். என் பாட்டிதான் ஒரு நாள், "கடிகாரத்துக்கா விளக்கு வைக்கிறாய், இருட்டுக்கா?" என்று கேட்டு அதை நிறுத்தினார்.

அப்பாவிடம் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். அக்டோபர் 20 அன்று தீபாவளிக்கு அவர் எத்தனை மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தார்? தமிழ்நாட்டில் விடியற்காலை நாலரை என்பது இங்கே காலை ஏழு. அதற்குள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் தோசைக்கடை திறந்து சூரியனும் வந்துவிடும். அங்கே விடியட்டும் என்று காத்திருந்தா குளித்தார்? நம் விடியலுக்கு முன்னால் குளிக்கத் தெரிந்த நமக்கு, நம் அந்தியில் விளக்கு வைக்கவும் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் கார்த்திகைக்கு விடுமுறை கிடையாது. மறுநாள் காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லாரும் நின்றாக வேண்டும். ஆனாலும் தாத்தா மாவலி சுற்றாமல் படுக்கமாட்டார். ஊரில் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்குவார்களாம். இங்கே பனைக்கு எங்கே போவது? தென்னம்பாளையைக் குழியில் இட்டுப் புகைய விட்டுக் கரியாக்கி, இடித்து, உப்புக் கலந்து, பழைய வேட்டித் துணியில் இறுகச் சுருட்டி, பிளந்த மட்டைகளுக்கு நடுவே செருகிக் கயிற்றில் கட்டுவார். ஒரு முனையில் கங்கு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறி வட்டமாகச் சிதறும். உப்புத்தான் அந்தப் படபடப்புச் சத்தத்துக்குக் காரணம் என்பார். பதினான்காம் மாடியில் இதை முயன்று பார்க்க வேண்டாம்.

அருணை மருமகள் (நவம்பர் 27)

லயத்துக்காரர் ஐயா சொன்னதில் தீபாவளி ஒப்புமை மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிறந்து, திருமணமாகிக் கோலாலம்பூர் வந்தவள். தீபாவளிக்கு இடம் என்று ஒன்று இல்லை. எந்த ஊரில் விடிகிறதோ அங்கே தீபாவளி. எங்கள் பக்கத்தில் கார்த்திகை அப்படி அன்று, அது மலையுடையது. சுற்று வட்டாரக் கிராமங்களில் அந்தி வந்துவிட்டது என்பதற்காக யாரும் விளக்கேற்றமாட்டார்கள். அகல்களில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்துவிட்டு, மொட்டை மாடியிலும் களத்துமேட்டிலும் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்போம். உச்சியில் முதலில் ஒரு புள்ளி தெரியும். யாராவது ஒருவர் "அரோகரா" என்பார். அந்தக் குரல் தெருத்தெருவாகத் தாவும்போதுதான் எங்கள் அம்மா தீக்குச்சியைக் கிழிப்பார்.

அன்று அதிகாலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றுவார்கள்; அது இங்கே காலை ஆறரை. மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களுக்கு மட்டும் வெளியே வந்து காட்சி தருவார். அதே வேளையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் செப்புக் கொப்பரையில் மகாதீபம் ஏற்றப்படும். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் நீளமான திரித்துணியும் அதற்கென்று மேலே போகும். தொடர்ந்து பதினோரு நாள் எரியும். இதைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவர்களுக்கு, மலைக்கு முன்னால் வீட்டில் விளக்கேற்றுவது, பெரியவர் இலையில் உட்காருமுன் நாம் கை நனைத்துவிட்டதைப் போன்ற ஓர் உறுத்தல். செந்தூல்வாசி அண்ணா, உங்கள் தந்தை அங்கே பிறந்தவரா, அல்லது நேரலையில் பார்த்துப் பழகியவரா? அதைப் பொறுத்தும் அவருடைய பிடிவாதத்தின் பொருள் மாறும்.

செந்தூல்வாசி (நவம்பர் 27)

அப்பா பிறந்தது இங்கே பேராக் மாநிலத்தில். அவருடைய தந்தை திருவண்ணாமலை மாவட்டத்து வேட்டவலத்திலிருந்து கப்பலேறி வந்தவர். தாத்தா கடைசிவரை அந்த மலையை மீண்டும் பார்க்கவில்லை. அப்பாவும் இதுவரை போனதில்லை. பயணச்சீட்டு எடுத்த ஆண்டில் கிருமித்தொற்று வந்து விமானங்கள் நின்றுவிட்டன. இந்தக் கேள்விக்கு விடை எழுதும்போதுதான் இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே எனக்கு உறைக்கிறது.

ஸ்காட் சாலை (நவம்பர் 27)

இருவரும் கார்த்திகை என்றாலே அண்ணாமலை என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். யாழ்ப்பாண வழியினரான எங்கள் வீட்டில் அந்தப் பெயரே வழங்குவதில்லை. நாங்கள் சொல்வது விளக்கீடு. பழைய சொல்தான், மயிலாப்பூரில் பாடிய சம்பந்தர் கார்த்திகை நாளைச் சொல்லும்போது விளக்கீடு என்றே சொல்கிறார். அந்தப் பாட்டில் மயிலையின் தெருக்கள் இருக்கின்றன, விளக்கிடும் பெண்கள் இருக்கிறார்கள், மலை இல்லை.

எங்களுக்கு இது ஒரு நாளோடு முடிவதும் இல்லை. முருகன் கோயில்களுக்குரிய குமராலய தீபம் ஒரு நாள், மற்றக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் உரிய சர்வாலய தீபம் ஒரு நாள் என்று பஞ்சாங்கத்தில் தனித்தனியே போட்டிருக்கும். சில ஆண்டுகளில் இரண்டும் அடுத்தடுத்த நாள்களில் விழும். அப்பம்மா வாழைக்குற்றி ஒன்றை வாசலில் நட்டு, அதன் தலையில் பாதித் தேங்காய்ச் சிரட்டையைப் பதித்து எண்ணெய் ஊற்றித் திரி கொளுத்துவா. பிறகு தடித்த குச்சிகளில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சிறு பந்தங்களைக் கிணற்றடி, மாட்டுக் கொட்டில், வேலி மூலை என்று ஊரில் குத்திவைத்த கதையைச் சொல்லுவா. பிரிக்பீல்ட்சில் கிணறும் இல்லை, கொட்டிலும் இல்லை. ஆகவே கழிப்பறை வாசல், சலவை இயந்திரம் நிற்கும் மூலை, கார் நிற்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கொரு சிட்டி, அதாவது சிறு அகல், வைப்பா. சலவை இயந்திரத்துக்கு ஏன் விளக்கு என்று கேட்டால், "வேலை செய்யிற இடம் எல்லாம் இருட்டில இருக்கக்கூடாது" என்பதுதான் பதில்.

எல்லாம் பொழுது பட்டவுடனே. எந்த மலையையும் பார்த்து இல்லை.

புக்கிட் ஜாலில் பொறியாளன் (நவம்பர் 28)

மின்கலத்தில் எரியும் அகல்கள் இருக்கும்போது இத்தனை விவாதம் எதற்கு? ஆறு மணிக்குப் பொத்தானை அழுத்தினால் நள்ளிரவு வரை எரியும். அம்மாவின் நேரமும் அப்பாவின் நேரமும் அதற்குள் அடங்கிவிடும்.

பழைய லயத்துக்காரன் (நவம்பர் 28)

அடங்கும், ஐயா. மறந்துபோனால் மறுநாள் காலை வரைகூட எரியும். நாங்கள் பேசிக்கொண்டிருப்பது ஏற்றுவதைப் பற்றி.

ஆயர் ஈத்தாம் அகல் (நவம்பர் 29)

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். நேரத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். ஏழானாலும் எட்டரையானாலும் அடுக்குமாடியில் விளக்கு நின்று எரிய வேண்டுமே, அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே.

முதலில் என் குறையைக் கொட்டிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கட்டடத்தில் கதவுக்கு வெளியே நடைவழியில் பதினோரு அகல்களை வரிசையாக வைத்திருந்தேன். கால் மணி நேரத்தில் காவலாளி வந்து நின்றார். தீபாவளிக்கு அனுமதி உண்டு, இன்று என்ன பண்டிகை என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்கிறார்களாம். பொதுவிடுமுறைப் பட்டியலில் இல்லாத நாளைப் பண்டிகை என்று எப்படி மெய்ப்பிப்பது? சினம் பொங்கியது. ஆனால் அந்தக் காவலாளி நேப்பாளத்துக்காரர். தங்கள் ஊர்த் தீபத் திருநாளான திஹாரிலும் இப்படித்தான் வாசலில் வரிசையாக வைப்போம் என்று மலாயில் மெல்லச் சொல்லிவிட்டு, அகல்களை ஒவ்வொன்றாக என்னோடு சேர்ந்து உள்ளே எடுத்து வைத்தார். ஒன்றைக்கூட அணையவிடவில்லை. அடுத்த ஆண்டு நான் பத்து நாள் முன்னதாகவே கடிதம் கொடுத்தேன். கதவை மறிக்காமல், நடைவழியில் கால் வைக்கும் இடம் விட்டு, ஆள் பார்வையில், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தேன், மறுப்பு வரவில்லை. அவர்கள் கேட்டதும் நெருப்பைப் பற்றித்தானே தவிர, நம்பிக்கையைப் பற்றி அன்று. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

இனி அகல். புதிய மண் அகலை முதல் நாள் இரவே தண்ணீரில் மூழ்கவைத்து, காலையில் எடுத்துக் கவிழ்த்து நன்றாக உலர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஊற்றுகிற எண்ணெயில் ஒரு பங்கை மண்ணே குடித்துவிடும். தரையிலும் வட்டக் கறை விழும். செந்தூல்வாசி தம்பி வீட்டில் எட்டரைக்குள் எண்ணெய் வற்றியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். எரிகிற அகலில் எண்ணெயை மேலும் மேலும் ஊற்றுவதைக் காட்டிலும் அளவாக ஊற்றித் திரியைச் சிறிதாக வைப்பது நல்லது. திரி நுனி உதட்டுக்கு வெளியே அரிசி நீளம் தெரிந்தால் போதும். நீளமாக விட்டால் புகையும்; சுவரில் கரி படியும்.

பால்கனியில் வைக்கிறவர்கள் காற்றைத்தான் முதலில் எண்ண வேண்டும். இந்த மாதங்களில் மாலையில் மழை வராத நாளை விரல் விட்டு எண்ணலாம். நான் ரொட்டி சுடும் ஆழமான அலுமினியத் தட்டில் மணல் பரப்பி, அகல்களை அதில் பாதி புதைத்து வைக்கிறேன். தட்டின் விளிம்பு காற்றைத் தடுக்கும். ஓர் அகல் சாய்ந்தாலும் எண்ணெய் மணலோடு போய்விடும். திரைச்சீலையைக் கழற்றியே வைத்துவிடுவேன்; கட்டிவைத்தால் போதாது. பிள்ளைகளுக்குத் துப்பட்டா, தொங்கும் தாவணி வேண்டாம்.

பொரி உருண்டைக்கும் நம் ஊர்க் காற்று எதிரி. கடையில் வாங்கிய நெற்பொரியை வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வரும்வரை வறுத்துக்கொண்டு பிறகு பாகில் கொட்டுங்கள். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் எறிந்தால் 'டங்' என்று சத்தம் கேட்க வேண்டும். வெல்லத்துக்குப் பதிலாக ஒருமுறை குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம் போட்டுப் பார்த்தேன். மணம் தெருமுனை வரை போயிற்று. உருண்டை மட்டும் மாலைக்குள் தளர்ந்துவிட்டது. என் பதம் தப்பியிருக்கலாம். மாமியார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அருணை மருமகள் (நவம்பர் 30)

ஸ்காட் சாலை ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் சொல்லைச் சிறிது திருத்திக்கொள்கிறேன். மலை தெரிகிற ஊர்களில்தான் மலைக்குக் காத்திருந்தோம். எங்கள் சித்தி கும்பகோணத்தில் வாழ்ந்தார். அவர் பொழுது சாய்ந்ததும் ஏற்றிவிடுவார், அதை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் செந்தூல்வாசி அண்ணாவின் தந்தைக்கு இப்போது மலை தெரிகிறது, கைப்பேசி வழியாக. தெரிகிறபோது காத்திருக்கத் தோன்றுவது இயல்புதானே?

ஒரு யோசனை. எங்கள் வீட்டில் நிலைவிளக்கு ஒன்றை அந்தியிலேயே ஏற்றிவிடுவோம். அது அன்றாட விளக்கு, எல்லா நாளுக்கும் உரியது. அகல்கள்தாம் மலைக்காகக் காத்திருக்கும். அன்றாட விளக்கை அம்மாவும் அகல்களை அப்பாவும் ஏற்றினால் என்ன? சின்னவளுக்கு அன்று மட்டும் பிற்பகலில் ஒரு தூக்கம் போட்டு எழுப்புங்கள்.

பழைய லயத்துக்காரன் (நவம்பர் 30)

அந்தியில் வாசலிலும் இரண்டு அகல் இருக்கட்டும். அதை மட்டும் நான் விட்டுத்தரமாட்டேன்.

செந்தூல்வாசி (டிசம்பர் 4)

அனைவருக்கும் நன்றி. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அகல்களைச் செவ்வாய் இரவே வாளியில் ஊறப்போட்டோம். பெரியவன் ஒவ்வொன்றிலிருந்தும் வரும் நீர்க்குமிழிகளைப் பார்த்து, "மூச்சு விடுகிறது" என்று நெடுநேரம் குந்தியிருந்தான். நேற்று ஏழு மணிக்கு அம்மா குத்துவிளக்கையும் வாசலில் இரண்டு அகல்களையும் ஏற்றினார். லயத்துக்காரர் ஐயாவின் பாட்டி கேட்ட கேள்வியை நான் முந்தின நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் அப்பாவின் காதுபட இரண்டு முறை சொன்னார்; மூன்றாம் முறை வேண்டாம் என்று மனைவி கண்ணைக் காட்டினார்.

மற்ற இருபத்தைந்து அகல்களும் பால்கனியில் மணல் தட்டுகளில் திரியோடு காத்திருந்தன. மழை ஆறு மணிக்கே ஓய்ந்துவிட்டது. கிழக்கே மேகத்துக்குப் பின்னால் நிலவு இருப்பது வெளிச்சமாக மட்டும் தெரிந்தது. அப்பா எட்டு மணியிலிருந்தே வேட்டி கட்டிக்கொண்டு, கைப்பேசியைச் செம்பில் சாய்த்து வைத்து அமர்ந்திருந்தார்.

எட்டரைக்கு யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேட்டவலத்தில் இருக்கும் அப்பாவின் பெரியப்பா மகன் அழைத்தார். பேச ஒன்றும் இல்லை. வெளியே நிற்கிறேன், கேட்டுக்கொள் என்று தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். அரோகரா முழக்கம் எங்கள் கூடத்தில் கேட்டது. நேரலைத் திரையிலோ மலை இன்னும் இருட்டாகவே இருந்தது. படம் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக அப்பா காத்திருந்த நொடி, அங்கே நடந்து முடிந்த பிறகே அவர் கண்ணுக்கு எட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா திரையையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா உள்ளே போய், ஏழு மணிக்கு ஏற்றிய குத்துவிளக்கிலிருந்து ஒரு திரியைக் கொளுத்தி எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். தீப்பெட்டி தட்டிலேயே கிடந்தது. அப்பா முதல் அகலை ஏற்றிவிட்டு, திரியைச் சின்னவளிடம் கொடுத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டாவது அகலில் திரையில் தீபம் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு மீண்டும் குனிந்துகொண்டார்.

சலவை இயந்திரத்துக்கும் ஒன்று வைத்தோம், ஸ்காட் சாலை ஐயா. பொரி உருண்டை மட்டும் இந்த ஆண்டும் கல்லாகிவிட்டது. ஆயர் ஈத்தாம் அம்மா, அந்த 'டங்' சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்க வேண்டும்?